நீதிமன்றத்தில் குழந்தையின் பக்கத்தில் யார் நிற்கலாம்?

கேள்வி கேட்டவர் ஈரோடு மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை. அமெரிக்காவில் வாழும் அவருடைய மகள், அங்குள்ள நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டு, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு குழந்தைக்காகத் தன்னார்வலராகச் செயல்படுகிறாராம். அதுபோல் நம்மூரில் செய்ய முடியுமா, அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீதிபதியின் முன் எழுந்து நின்று ஒரு குழந்தைக்காகப் பேசும் உரிமை வழக்கறிஞரல்லாத வெளியாளுக்கு இங்கே உண்டா என்பது ஒன்று; அந்த உரிமை இல்லையென்றால், வயதும் பொறுமையும் பள்ளி அனுபவமும் உள்ள ஒருவர் அங்கே என்னதான் செய்ய முடியும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், மகள் செய்யும் அளவுக்கு இல்லை என்பதே. இரண்டாவதுக்குத்தான் இந்த நீண்ட பதில். நான் வழக்கறிஞர் அல்லேன். சமூகப் பணி படித்தவன். கொங்கு மாவட்டம் ஒன்றில் குழந்தைகள் நலக் குழுவில் ஒரு பதவிக்காலம் உறுப்பினராக இருந்துவிட்டு, அதன்பின் போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், ஆதரவு நபராகப் பணியாற்றி வருகிறேன். சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகவும், நடைமுறையில் கண்டதை என் கருத்தாகவும் பிரித்தே சொல்கிறேன்.

மகள் செய்யும் பணிக்கு ஒரு தெளிவான பிறப்பிடம் உண்டு. சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளைப் பற்றிப் போதிய தகவல் இல்லாமலே அவர்களுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று வருந்தி, 1977-இல் ஊர்ப் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து நீதிமன்றத்தின் சார்பில் அனுப்பத் தொடங்கினார். அந்தத் தன்னார்வலர் குழந்தையைத் தொடர்ந்து பார்க்கிறார். பள்ளியிலும் மருத்துவமனையிலும் உறவினரிடமும் விசாரிக்கிறார். குழந்தை எங்கே இருப்பது நல்லது என்று பரிந்துரையோடு நீதிபதிக்கு அறிக்கை தருகிறார். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு மேல் அவரிடம் ஒப்படைப்பதில்லை. பரிந்துரைக்கும் அதிகாரமும் கையில் ஓரிரு குழந்தைகளே என்ற நிலையும்தான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

இங்கே அந்த வேலை ஒரே கூரையின் கீழ் இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, அதாவது ஆதரவற்றவர், கைவிடப்பட்டவர், வேலையிலிருந்து மீட்கப்பட்டவர், வீட்டில் அடியும் உதையும் படுபவர், நீதிமன்றத்துக்குப் போவதில்லை. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வருகிறார். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரத்தோடு அமர்வாக இயங்குகிறது. மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதன் முன் கொண்டுவர வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் வழக்கோ 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. பல மாவட்டங்களில் மகளிர் நீதிமன்றமே அதையும் சேர்த்து விசாரிக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் வெளியாள் உள்ளே வர வழி உண்டு, ஆனால் வழிகள் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வருபவர்கள்தான் முதல் மாதத்திலேயே சலித்துப் போகிறார்கள்.

உங்கள் மகளின் பணிக்கு மிக அருகில் வருவது போக்சோ விதிகள் சொல்லும் ஆதரவு நபர் என்ற பொறுப்பு. வழக்குப் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல் துறை அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதன்பின் குழு, குழந்தை மற்றும் பெற்றோரின் சம்மதத்தோடு, புலனாய்வு தொடங்கி விசாரணை முடியும்வரை துணையாக இருக்க ஒருவரை நியமிக்கலாம் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள். நடைமுறையில் இது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றதால், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது, அப்படி ஒருவர் கிடைப்பார் என்பதை எல்லா வழக்கிலும் தெரியப்படுத்த வேண்டும் என்று சொன்னது. நியமிக்கப்பட்டவர் குழந்தையின் உடல்நலம், மனநிலை, குடும்பச் சூழல், படிப்பு ஆகியவை பற்றி மாதந்தோறும் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அவர் கையில் இருக்கும் எழுத்துரிமை இந்த அறிக்கைதான். நீதிபதியிடம் எழுந்து வாதாட அவருக்கு இடமில்லை. அந்த வேலை அரசு வழக்கறிஞருடையது. குடும்பத்துக்குத் தனியாக வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். குழந்தை என்றால் வருமான வரம்பே கிடையாது.

சட்டப் பட்டம் தேவையா என்றால், தேவையே இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் சமூகப் பணி, சமூகவியல், உளவியல் போன்றவற்றில் முதுகலைப் படிப்பையோ, இளங்கலைப் பட்டத்தோடு குழந்தைகளின் கல்வி, வளர்ச்சி, பாதுகாப்பில் குறைந்தது மூன்றாண்டு அனுபவத்தையோ கேட்கிறது. ஒரு பட்டதாரி ஆசிரியை இரண்டாவது வாசல் வழியாகத் தாராளமாக வரலாம். ஆதரவு நபர்களின் பட்டியலை வைத்திருப்பது மாவட்ட ஆட்சியரின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அங்கே விண்ணப்பம், சான்றிதழ் நகல்கள், காவல் துறையின் நன்னடத்தைச் சான்று ஆகியவற்றோடு போய்க் கேளுங்கள். பட்டியலில் பெயர் ஏறுவது எவ்வளவு எளிது என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. சில இடங்களில் தொண்டு நிறுவனம் வழியாக வந்தவர்களை மட்டுமே அழைக்கும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். விதி அப்படிச் சொல்லவில்லை என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

இனி, விசாரணை நாளன்று அந்தப் பணி எப்படி இருக்கும் என்பது. சம்மன் வந்த காலையில் விசைத்தறிக்காரக் குடும்பம் ஒன்று ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்துப் பத்து மணிக்குள் நீதிமன்ற வளாகத்துக்கு வந்து சேர்கிறது. தாய்க்கு அன்றைய கூலி போயிற்று. பிள்ளைக்குப் பள்ளி போயிற்று. சாட்சியம் சொல்லும்போது குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க நேராமல் திரை வைத்தோ காணொளி வழியாகவோ விசாரிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது, பெரும்பாலும் நீதிபதிகள் அதைக் கவனமாகக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் தாழ்வாரத்துக்குத் திரை இல்லை. ஜாமீனில் இருப்பவர் தன் சொந்தபந்தத்தோடு அதே வேப்பமரத்தடியில் நிற்கிறார். தேநீர்க் கடையும் ஒன்றுதான், கழிப்பறைக்குப் போகும் வழியும் ஒன்றுதான். ஆதரவு நபர் முதலில் செய்ய வேண்டியது, முந்தைய நாளே பெஞ்ச் கிளார்க்கிடம் பேசிக் குழந்தையை எந்த அறையில் உட்காரவைப்பது என்று முடிவு செய்துகொள்வது. வழக்கு எண்ணைக் கூப்பிடும்போது தான் மட்டும் போய் நின்று, வாய்தா என்றால் உடனே வந்து சொல்வது. மதியம் தாண்டும் என்றால் பிள்ளைக்குச் சாப்பாடு வாங்கி வருவது. ‘இன்னைக்கும் கேக்க மாட்டாங்களாங்க?’ என்று பதினொரு வயதுப் பெண் கேட்கும்போது, ஏன் தள்ளிப்போனது, அடுத்து என்றைக்கு என்று நேராகச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். நீதிமன்றம் குற்றத்தைக் கவனத்துக்கு எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பது 35-ஆம் பிரிவு. இரண்டும் பல வழக்குகளில் தவறிப்போவதைப் பார்க்கிறோம். அந்த இடைவெளியில் புலனாய்வு அதிகாரி மாறுவார், அரசு வழக்கறிஞர் மாறுவார், நீதிபதியே மாற்றலாகிப் போவார். முதல் நாள் பார்த்த அதே முகம் கடைசி நாளும் வருகிறது என்ற ஒன்றைத்தான் ஆதரவு நபரால் தர முடியும். வாரம் ஒருமுறை சமூக சேவை என்ற எண்ணத்தோடு வருபவர்களை நான் ஊக்கப்படுத்துவதில்லை. ஒரு வழக்கை எடுத்தால் முடியும்வரை இருக்க வேண்டும்.

நடந்தது என்ன என்று நீங்கள் கேட்கவே கூடாது. ஆசிரியர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கடினம். பிள்ளை தயங்கினால் எடுத்துக்கொடுக்கும் பழக்கம் கையோடு வந்துவிட்டிருக்கும். காவல் துறையிடம் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை, நடுவரிடம் ஒருமுறை என்று அந்தக் குழந்தை ஏற்கெனவே சொல்லிக் களைத்திருக்கிறது. அது போக, சாட்சியத்தைப் பற்றி நீங்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் குறுக்கு விசாரணையில் ‘யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்ற கேள்வியாகத் திரும்பி வரும். நீதிமன்ற அறை எப்படி இருக்கும், நீதிபதி எங்கே அமர்வார், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம், நடுவில் சற்று ஓய்வு கேட்கலாம் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். விடுமுறை நாளில் நீதிபதியின் அனுமதியோடு வெறும் அறையைக் காட்டி வருவதும் நல்லது. தரப்பு வழக்கறிஞர்கள் குழந்தையை நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகவே கேள்வியை அனுப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பிள்ளைகள் கூண்டருகே போகும்போது நடுங்குவது குறைகிறது என்பது என் அனுபவம்.

கொங்குப் பகுதியில் வழக்குகள் நீதிமன்ற அறைக்குள் தோற்பதைவிட ஊருக்குள் தோற்பதே அதிகம் என்பது என் கணிப்பு. குடும்பம் குடியிருக்கும் லைன் வீடு முதலாளியுடையது. தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பங்காளியாகவோ மாமன் முறையாகவோ இருப்பார். பெரியவர்கள் கூடி ‘பெண் பிள்ளை வாழ்க்கை, வெளியே தெரியாமல் முடித்துக்கொள்வோம்’ என்று பேசத் தொடங்கினால், அந்தக் கூலிக்காரத் தாயால் எத்தனை நாள் தாங்க முடியும்? இங்கே ஆதரவு நபர் வீரம் பேசிப் பயனில்லை. குடும்பத்தின் வலு எங்கே குறைகிறதோ அதைக் குழுவுக்கு எழுத வேண்டும்: வாடகைக்கு நெருக்கடி என்றால் இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றத்தை அணுகச் சொல்ல வேண்டும், உணவு, பயணம் போன்ற உடனடித் தேவைக்குக் குழுவே சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்க விதியில் இடம் உண்டு, மிரட்டல் இருந்தால் அன்றே காவல் துறைக்கு எழுத்தில் தர வேண்டும். பொள்ளாச்சி வழக்கு வயது வந்த பெண்களைப் பற்றியது, போக்சோ வழக்கு அல்ல. ஆனாலும் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றத்தில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை கிடைத்ததற்குப் பாதிக்கப்பட்ட பெண்கள் ஒருவரும் பிறழ் சாட்சியாக மாறாதது முக்கியக் காரணம் என்பதை இங்கே பணியாற்றுபவர்கள் மறப்பதில்லை. அதே வழக்கின் தொடக்கத்தில், 2019-இல், புகார் கொடுத்தவரின் அடையாளம் அதிகாரிகள் வழியாகவே வெளியானதையும் மறப்பதில்லை.

எனக்கே தெளிவில்லாத ஓரிடத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினேழு வயதுப் பெண் வேற்றுச் சாதிப் பையனோடு போய்விடுகிறாள். பெற்றோர் புகார் கொடுக்கிறார்கள். வழக்கு போக்சோவில் பதிவாகிறது. அந்தப் பெண் உங்களிடம் கேட்பது தண்டனை அல்ல, அந்தப் பையனை விட்டுவிடுங்கள் என்பதே. சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் சம்மதத்துக்கு மதிப்பில்லை. ஆனால் 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான இத்தகைய வழக்கொன்றை ரத்து செய்து, வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்ற பொருளில் எழுதினார். எல்லா வழக்கிலும் அப்படி நடக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆதரவு நபர் அரசுத் தரப்பின் ஆள் அல்லர், பெற்றோரின் ஆளும் அல்லர் என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறேன். பெண் என்ன விரும்புகிறாள் என்பதையும், வீட்டுக்கு அனுப்பினால் அவள் உயிருக்கு ஆபத்து உண்டா என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் குழுவுக்கு எழுதுவதோடு என் பொறுப்பு நிற்கிறது. சாதிப் பிடிப்பு கெட்டியாக இருக்கும் நம் ஊர்களில் அந்த இரண்டாவது வரியை எழுதாமல் விடுவது பெரிய தவறாகிவிடும்.

குழந்தைகள் நலக் குழுவின் பக்கம் வழி வேறு. இங்கே ஆதரவு நபர் என்ற பெயர் இல்லை. ஆனால் குழந்தையின் குடும்பப் பின்னணியை விரைந்து விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை தரும் பொறுப்பைக் குழு ஒரு சமூகப் பணியாளரிடமும் ஒப்படைக்கலாம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. அறிக்கைக்கு 15 நாள். இறுதி ஆணைக்கு நான்கு மாதம். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்தோ, பல்லடம் பக்கத்து நூற்பாலையிலிருந்தோ மீட்கப்பட்ட பெண் பிள்ளைகள் குழுவின் முன் வந்து, ‘என்னை மில்லுக்கே அனுப்பிடுங்க’ என்று அழுவது புதிதல்ல. மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் தருவார்கள், அக்காவின் திருமணம் அதை நம்பி நிற்கிறது. அவளை ஊருக்கு அனுப்பலாமா, விடுதியில் வைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கக் குழுவுக்கு வேண்டியது அந்த வீட்டைப் பற்றிய உண்மை நிலவரம். பாக்கிச் சம்பளம் எவ்வளவு, கடன் யாரிடம், பள்ளியில் திரும்பச் சேர்ப்பார்களா, குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு அந்தக் குடும்பம் தகுதியா என்பதையெல்லாம் கண்டுவந்து சொல்ல ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது.

அறிக்கை எழுதுவதில் ஒன்றைச் சொல்கிறேன். ‘தாய் பொறுப்பற்றவர்’ என்று எழுதினால் குழுவுக்கு அதனால் பயனில்லை, எதிர்த்தரப்புக்குத்தான் பயன். ‘மாலை ஏழு மணிக்குச் சென்றபோது தாய் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார், எட்டு வயதுச் சிறுமிக்கும் தம்பிக்கும் பக்கத்து வீட்டு அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார், அம்முச்சி (தாயின் தாய்) ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார், பிள்ளைகளை வைத்துக்கொள்ள விருப்பம் தெரிவித்தார்’ என்று எழுதினால், அந்த மூன்று வரியிலேயே குழுவுக்கு ஒரு வழி தெரிந்துவிடும். கண்டது, கேட்டது, நான் நினைப்பது என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். மூன்றாவதை எழுதக் கூடாது என்பதில்லை, தனிப் பத்தியில் எழுதுங்கள். பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் குழுவின் உரிமை. நன்றாக எழுதிய அறிக்கை மறுக்கப்பட்டதும் உண்டு, அரைப்பக்கத்தில் எழுதிய அறிக்கை ஒரு குழந்தையைப் பாட்டியிடம் சேர்த்ததும் உண்டு.

மொழியும் தொலைவும் தனிச் சிக்கல். திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்துப் பிள்ளைகளின் வழக்குகள் வருகின்றன. தாளவாடியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. அங்கிருந்து ஈரோட்டுக்கு வர திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். வால்பாறைப் பிள்ளைக்குக் கோவை நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே தொலைவு. மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரின் பட்டியலையும் பாதுகாப்பு அலகுதான் வைத்திருக்கிறது. கன்னடமோ இந்தியோ ஒடியாவோ தெரிந்தவர்கள், காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள், அந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரே வழக்கில் மொழிபெயர்ப்பாளராகவும் ஆதரவு நபராகவும் இருப்பதை நான் ஏற்பதில்லை. குழந்தையின் சொல்லை மாற்றிச் சொன்னதாகக் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு பொறுப்பும் சேர்ந்தே போய்விடும்.

இரண்டு சட்டக் கடமைகள் உங்களைத் தனிப்பட்ட முறையில் கட்டும். குழந்தையின் பெயர், பள்ளி, ஊர், குடும்பம் என அடையாளம் தரும் எதையும் வெளியிடுவது போக்சோவிலும் இளைஞர் நீதிச் சட்டத்திலும் தண்டனைக்குரியது. பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயரில்லாமல் போட்டாலும், சின்ன ஊரில் அது பெயர் போட்டதற்குச் சமம். மற்றொன்று, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம், ஆறு மாதம்வரை சிறை. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்’ என்று ஒரு பிள்ளை கேட்டால் சரி என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. யாரிடம் சொல்வேன், ஏன் சொல்வேன் என்பதை அதனிடமே சொல்லிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பட்டியலில் உள்ள ஆதரவு நபருக்குத் திறன்பெற்ற தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அது எப்போது கைக்கு வரும் என்பது மாவட்டத்தின் நிதி நிலைமையைப் பொறுத்தது. ஓய்வூதியம் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பணிக்கு உங்களுக்குப் பின் வரப்போகிறவர் சமூகப் பணி படித்த, சம்பளமில்லாத இளம்பெண்ணாக இருப்பார். நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைக் காட்டித்தான் அவரிடமும் இலவசமாகக் கேட்பார்கள். பேருந்துச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மாதாந்திர அறிக்கையோடு கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.